வடக்கில எங்க இருந்தனீங்கள்?

ஒஸ்லோவில் ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் "ஊரில எவடம்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குள் என்னென்ன கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடுவோம். இரண்டாவது கேள்வியொன்று இருக்கிறது. அது என்னைப்போல 80 களில் வந்து, இப்போது தலைக்கு மை பூசுகிறவர்களிடம் மட்டும் கேட்கப்படுவது.

"வடக்கில எங்க இருந்தனீங்கள்?"

வடக்கு என்றால் எங்களுடைய வடக்கு அல்ல. நோர்வேயின் வடக்கு. மேசையில் இருக்கிற நாலு பேரும் ஆளுக்கொரு ஊரின் பெயரைச் சொல்லுவார்கள். வார்டோ, போட்ஸ்ஃபியூர்ட், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட்... எல்லாம் மீன் மணக்கும் பெயர்கள். நான் "மேஹாம்ன்" என்பேன். அனேகமாக அடுத்த கேள்வி "அது எங்க கிடக்கு?" என்பதாகத்தான் இருக்கும்.

கடந்த மாதம் என்னுடைய மகளும் அதையே கேட்டாள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். தாய்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய் வந்திருக்கிறாள், தன் சொந்த நாட்டில் துரொண்ட்ஹைமுக்கு மேலே போனதில்லை. "அப்பா, அங்க பார்க்க என்ன இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தால், சொல்ல நிறைய இருந்தது. அவளுக்குச் சொன்னதை விட உங்களுக்குக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். அவளுக்குப் பொறுமை குறைவு :-)

நோர்வேயின் வரைபடத்தை எடுத்து, வலது பக்க மேல் மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களைப் பாருங்கள். அதில் ஒரு விரலின் பெயர் நூர்ட்ஷின் குடாநாடு. நாங்கள் குடாநாட்டுக்காரர் என்பதால் அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. அதன் முனையில் இருக்கிற ஷின்னரொட்டன் என்ற பாறைதான் ஐரோப்பியப் பெருநிலத்தின் வடக்கு எல்லை. சுற்றுலாப் பயணிகள் போய்ப் படமெடுக்கும் வடமுனை ஒரு தீவில் இருக்கிறது, ஆகவே கணக்கில் சேராது. மேஹாம்ன் ஆட்களிடம் இதைப்பற்றிக் கதை கொடுத்தால் ஒரு மணித்தியாலம் போய்விடும். மேஹாம்ன் 71 ஆவது பாகையில் இருக்கிறது. காம்விக் என்ற கொம்யூனின் நிர்வாக ஊர். முழுக் கொம்யூனிலும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் நிற்கிற சனம்.

மரம் இல்லை. இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மரம்கூட இல்லாத ஊரில் ஒரு யாழ்ப்பாணத்தான் போய் இறங்கினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பனையும் இல்லை, பூவரசும் இல்லை, வேலியும் இல்லை. வேலி இல்லாததால் எல்லைச் சண்டையும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

நான் அங்கே போனது 1988 இல், ஹுர்டிகுருட்டன் கப்பலில். 1893 ஆம் ஆண்டு ரிச்சார்ட் வித் என்ற கப்டன் துரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் வரை ஓடத் தொடங்கிய கரையோரக் கப்பல் சேவை அது. இன்று பணக்கார ஜெர்மன் கிழவர்கள் வட ஒளி பார்க்கப் போகிற கப்பல். அப்போது அது எங்கள் 750 ஆம் நம்பர் பஸ்ஸைப் போல. தபால், மாப்பெட்டி, கர்ப்பிணிப் பெண், பிரேதப் பெட்டி எல்லாம் அதில்தான் வரும் போகும். நூர்ட்ஷினுக்குத் தரைப்பாதை சரியாக வந்து சேர்ந்ததே 80 களின் கடைசியில்தான். இன்றைக்கும் பனிப்புயல் அடித்தால் இஃபியூர் மலைப்பாதையில் வாகனங்களை வரிசையாகச் சேர்த்து, முன்னால் ஒரு பனி தள்ளும் வண்டி போக, பின்னால் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவும் முடியாவிட்டால் பாதையை மூடிவிடுவார்கள்.

விமானம் இருந்தது. ஆனால் மேஹாம்னில் விமானத்தைப்பற்றிப் பேசும்போது ஒரு மௌனம் வரும். 1982 மார்ச் 11 இல் மேஹாம்னில் இறங்க வந்துகொண்டிருந்த வைடெரோவின் சிறிய ட்வின் ஒட்டர் விமானம் காம்விக்குக்கு அப்பால் பேரன்ட்ஸ் கடலில் விழுந்து, அதிலிருந்த 15 பேரும் இறந்தார்கள். கடுமையான காற்றுக் குழப்பத்தில் வால்பகுதி முறிந்தது என்பது அதிகாரபூர்வ முடிவு. பிரித்தானியப் போர்விமானம் ஒன்று மோதியது என்று ஊரில் பலர் நம்பினார்கள். திரும்பத் திரும்ப விசாரணைக் குழுக்கள் அமைத்து, கடைசி அறிக்கை 2005 இல் வந்தது. அதற்குப் பிறகும் நம்பாதவர்கள் நம்பவில்லை. அரசாங்கம் சொல்வதை நம்பாத சனத்தின் மீது எனக்கு இயல்பாகவே ஒரு ஒட்டுதல் உண்டு. அதற்கு என் ஊர்தான் காரணம், மேஹாம்ன் அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பனிக்குள் போனது மீனுக்காக. ஃபில்லெ வெட்டும் தொழிற்சாலைகளில் உள்ளூர் இளைஞர்கள் நிற்க மாட்டார்கள், படிக்க ஒஸ்லோவுக்கும் துரொம்சோவுக்கும் போய்விடுவார்கள். முந்தி பின்லாந்திலிருந்து பெண்கள் வருவார்களாம். பிறகு நாங்கள். எங்களில் சிலர் ஃபொல்கஹொய்ஸ்கூல எனப்படும் மக்கள் கல்லூரிகளுக்கு மாணவர்களாக வந்தவர்கள், மற்றவர்கள் அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்கள். யாரோ ஒருவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வேலை எடுத்து, அங்கேயிருந்து தொலைபேசியில் "மச்சான், வா, இடம் இருக்கு" என்பான். அப்படித்தான் பின்மார்க் மாநிலம் முழுக்க எங்கட பெடியள் பரவினார்கள்.

நோர்வேக்கு வந்த முதல் ஈழத்தமிழர் என்று நாங்கள் சொல்கிற அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் வந்ததும் மீன் சம்பந்தமாகத்தான். குருநகர்க்காரர். இங்கே மீன்பிடித் தொழில் படித்து, பிறகு நோர்வே நண்பர்களோடு சேர்ந்து சீநோர் நிறுவனத்தை ஊரில் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் பேரில் வந்தவை. அவர் அறிந்து வந்தார், விரும்பிப் படித்தார். நான் அப்படி அல்ல.

இதை எழுதலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எழுதத்தான் வேண்டும். எனது ஊர் மயிலிட்டி. மயிலிட்டி என்றதும் மீன்பிடித் துறைமுகம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் நாங்கள் கடற்கரைப் பக்கம் அல்ல, தோட்டப் பக்கம். வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும். கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வருகிற மனுசி எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே கடகத்தை இறக்கி வைத்துத்தான் விற்பா. அம்மா உள்ளே நின்று விலை பேசுவா. அந்த மனுசிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு தனிச் செம்பு கிணற்றடியில் இருந்தது. சின்ன வயதில் நான் அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அந்த வீட்டுப் பெடியன், 71 ஆவது பாகையில், இறப்பர் சப்பாத்தும் பிளாஸ்ரிக் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் தொஸ்க் மீன் வெட்டினேன். கடல் ஏதோ ஒரு வழியில் கணக்குத் தீர்த்துக்கொள்ளுமோ என்னவோ.

ஐயாவுக்கு எழுதிய கடிதத்தில் "குளிரூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை" என்று எழுதினேன். பொய் இல்லைத்தானே!

வேலை இப்படி. படகுகளிலிருந்து மீன் வரும். தலையும் குடலும் போன பிறகு இயந்திரம் இரண்டு பக்கச் சதையையும் பிரித்துத் தரும். அது ஓடும் பட்டியில் வர, நாங்கள் முள்ளெடுத்து, ஓரம் வெட்டி, வெளிச்ச மேசையில் வைத்துப் பார்ப்போம். அடியிலிருந்து வெளிச்சம் அடிக்கும் வெள்ளைக் கண்ணாடி மேசை அது. சதைக்குள் சுருண்டு கிடக்கும் சிறிய புழுக்கள் அதில் தெரியும். குவைஸ் என்பார்கள். கத்தி நுனியால் கிளப்ப வேண்டும். ஒரு கிழமை அதைச் செய்தால் கண்ணை மூடினாலும் புழுதான் தெரியும். கை விறைத்து, தோள்மூட்டு பிடித்து, இரவில் தூக்கம் வராது. இன்றைக்கும் குளிர் காலத்தில் என்னுடைய வலது மணிக்கட்டு காலநிலை அறிக்கை வாசிக்கும்.

ஆனால் தலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய தொஸ்க் தலைகள். நோர்வேக்காரர் வீட்டில் அதை அவ்வளவாகச் சமைப்பதில்லை. அதைக் கோர்த்துக் காய வைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள், அங்கே அது சூப்புக்குப் போகிறது. நாக்கை மட்டும் ஊர்ப் பிள்ளைகள் வெட்டி எடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆணி வைத்த பலகையில் தலையைக் குத்தி, ஒரு வெட்டில் நாக்கை எடுத்துக் கிலோக் கணக்கில் விற்பார்கள். வடக்கில் இது பிள்ளைகளின் உரிமை, பெரியவர்கள் அதில் போட்டிக்குப் போகக் கூடாது. ஒரு சீசனில் அவர்கள் உழைக்கிற காசைக் கேட்டால் எங்களுக்கு வயிறு எரியும். நாங்கள் நாலு தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைப்போம். ஒஸ்லோவிலிருந்து மூட்டையில் வந்த அரிசியும், யாரோ ஒருவனின் அம்மா வறுத்து அனுப்பிய தூளும், அந்தத் தலையும்... இன்று எந்த விலை கொடுத்தாலும் அந்த ருசி வராது.

யெல் என்று சொல்கிற மரச் சட்டங்களில் மீனைச் சோடி சோடியாகத் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். உப்பே போடாத கருவாடு! காற்றும் குளிரும்தான் வேலை செய்யும். இத்தாலிக்காரன் அதற்கு நல்ல காசு கொடுக்கிறான். எங்கட ஒருவன் அதைச் சுத்தியலால் அடித்து, இடித்து, மாசிச் சம்பல் மாதிரி ஒன்று செய்தான். மாசி அல்ல, ஆனால் மாசி இல்லாத இடத்தில் அதுதான் மாசி.

இனிக் கொஞ்சம் சரித்திரம். மேஹாம்ன் என்ற பெயர் நோர்வேயின் பாடப் புத்தகங்களில் வருவது 1903 ஆம் ஆண்டுக்காக. நான் இதைத் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, பக்கத்து வீட்டுக் கிழவரிடம். பழைய மீனவர். அவருடைய தகப்பனார் சிறு பெடியனாக அந்தச் சம்பவத்தை நேரில் பார்த்தவராம்.

அந்தக் காலத்தில் பின்மார்க் கரையோரம் திமிங்கில வேட்டை நிலையங்கள் இருந்தன. தென் நோர்வேயின் தொன்ஸ்பெர்க் ஊரைச் சேர்ந்த ஸ்வென் ஃபொய்ன் என்பவர் வெடிகுண்டு ஈட்டியைக் கண்டுபிடித்து 1870 இல் காப்புரிமை எடுத்தார். நவீன திமிங்கில வேட்டை தொடங்கியதே இந்தக் கரையில்தான். மேஹாம்னிலும் ஒரு நிலையம் இருந்தது. தெற்கிலிருந்து முதலாளி, தெற்கிலிருந்து கப்பல், இலாபமும் தெற்குக்கே. ஊருக்கு மிஞ்சியது அழுகின திமிங்கிலத்தின் நாற்றம்.

சிறிய படகில் தூண்டில் போடும் மீனவர்கள் ஒரு விடயத்தை உறுதியாக நம்பினார்கள். வசந்த காலத்தில் லொட்டெ என்ற சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும், அதைத் துரத்திக்கொண்டு தொஸ்க் வரும். லொட்டெயைக் கரைக்குக் கலைத்துக்கொண்டு வருவதே திமிங்கிலம்தான், ஆகவே திமிங்கிலத்தைக் கொன்றால் எங்கள் சோறு போகும் என்பது அவர்களின் வாதம். விஞ்ஞானிகள் இல்லையென்றார்கள். மீனவர்கள் வருடக்கணக்காக மனுப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1903 இல் மீன் படவில்லை, போதாததற்குக் கடல்நாய்க் கூட்டங்கள் வேறு கரைக்கு வந்து வலைகளை நாசமாக்கின. பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டி வள்ளங்கள் எல்லாம் துறைமுகத்துக்குள் கிடந்தன. ஜூன் 2 ஆம் திகதி ஆயிரத்துக்கும் அதிகமான மீனவர்கள் திரண்டுபோய் அந்தத் திமிங்கில நிலையத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு படை வந்தது, விசாரணை நடந்தது.

ஆனால் விசயம் அத்தோடு முடியவில்லை. அதே வருடத் தேர்தலில் தொழிற்கட்சியின் முதல் பாராளுமன்ற உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஒஸ்லோவின் ஆலைத் தொழிலாளர்கள் அனுப்பியவர்கள் அல்ல, வட நோர்வே அனுப்பியவர்கள். 1904 இல் வட நோர்வேக் கரையோரத்தில் திமிங்கில வேட்டைக்குப் பத்து வருடத் தடை வந்தது. வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்? அதே 1904 இல் கார்ல் அன்டன் லார்சன் என்ற நோர்வேக்காரர் தென் துருவத்துக்குப் பக்கத்தில் தென் ஜோர்ஜியாத் தீவில் கிரிட்விக்கன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே மனுப் போட ஆட்கள் இல்லை.

மீனவர்கள் சொன்ன காரணம் பிழை என்றுதான் இன்றைய கடல் விஞ்ஞானம் சொல்கிறது. லொட்டெ தானாகத்தான் கரைக்கு வருகிறது. கிழவரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "காரணம் பிழையாக இருக்கலாம். ஆனால் யாருடைய கடல் என்ற கேள்வி சரி." அவருடைய மொழியில் இதற்கு நடுவில் மூன்று தூஷணச் சொற்களும் இருந்தன. வடக்கில் தூஷணம் நிறுத்தற்குறி மாதிரி. நான் நோர்வேஜிய மொழி பழகியதே அதில்தான், ஒஸ்லோவுக்கு வந்து ஒரு நேர்முகத் தேர்வில் இதனால் பட்ட பாட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன். "நான்" என்பதற்கு ஒஸ்லோக்காரர் "யை" என்பார்கள். வடக்கில் ஆவுக்கும் ஏக்கும் நடுவில் ஒரு ஆட்டுச் சத்தம். இன்றும் கோபம் வந்தால் எனக்கு அந்தச் சத்தம்தான் வரும், மகள் சிரிப்பாள்.

1987 இலும் கடல்நாய்கள் வந்தன. நான் போவதற்கு முந்தின வருடம். இந்த முறை காரணம் தெரிந்திருந்தது. பேரன்ட்ஸ் கடலில் லொட்டெ கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது, பசியில் கடல்நாய்கள் கரைக்கு வந்தன. தொஸ்க்கும் மெலிந்தது. 1989 ஏப்ரல் 18 ஆம் திகதி அரசாங்கம் கரையோரத் தொஸ்க் மீன்பிடியை நடுச் சீசனில் நிறுத்தியது. வடக்கின் பழைய மீனவர்களிடம் அந்தத் திகதியைக் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு 83 ஜூலை மாதிரி சொல்லுவார்கள். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு படகுக்கும் கோட்டா. படகு இருந்தவனுக்குக் கோட்டா கிடைத்தது, பிறகு அந்தக் கோட்டா காசாகிக் கைமாறியது, கடல் மெல்ல மெல்லச் சிலரிடம் போனது. கனடாவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு: உங்களுடைய நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலையில் தொஸ்க் மீன்பிடியை மூடினார்களே, அதே மீன், அதே கதை. ஒரு வித்தியாசம், இங்கே நேரத்துக்கு நிறுத்தியதால் மீன் திரும்பி வந்தது. மீனவர்கள் அப்படித் திரும்பி வரவில்லை.

தொழிற்சாலை எங்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியது. பெர்மிட்டெர்ட் என்ற அந்தச் சொல்லை அகராதியில் பார்க்காமலே படித்த வசந்த காலம் அது. அந்த வேலையில்லாத மாதங்களில்தான் நான் கிழவர் வீட்டில் அதிகம் இருந்தேன்.

நடுவில் பொங்கலைப்பற்றிச் சொல்லாமல் போனால் மனம் ஆறாது. மேஹாம்னில் நவம்பர் 20 அளவில் போகிற சூரியன் ஜனவரி 20 தாண்டித்தான் திரும்பி வரும். தைப்பொங்கல் ஜனவரி 14. சூரியனுக்குப் பொங்க வேண்டும், சூரியன் இல்லை! ஒருவன் மதியம் பன்னிரண்டுக்குத் தெற்குப் பக்கம் கொஞ்சம் சிவந்து தெரியுமே அதைப் பார்த்துப் பொங்குவோம் என்றான். இன்னொருவன், சூரியன் வருகிற நாளில் பொங்குவோம், அவர் இல்லாத நேரத்தில் பொங்கினால் யாருக்குப் படைக்கிறது என்றான். பெரிய வாக்குவாதம். கடைசியில் இரண்டு நாளும் பொங்கினோம். இரண்டாவது பொங்கலன்று ஊர்ப் பிள்ளைகளும் சூரியனைப் பார்க்க வெளியே நின்றார்கள். வடக்கில் பல ஊர்களில் சூரிய நாள் என்று பாடசாலைகளில் கொண்டாடுவார்கள். மலை விளிம்பில் ஒரு துண்டு வெளிச்சம் வந்து நாலைந்து நிமிடத்தில் போனது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பொங்கல் கொடுத்தோம், ஒரு பெடியன் அதை இனிப்புக் கஞ்சி என்று சொல்லி மூன்று தரம் வாங்கினான். என் வாழ்க்கையில் பொங்கல் என்ற சொல்லின் பொருள் விளங்கிய ஒரே நாள் அது என்று சொன்னால் மிகையில்லை.

1990 ஜூனில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. தொலைபேசி இல்லை, வானொலியில் பலாலி, காங்கேசன்துறை என்று மட்டும் கேட்டது. ஓகஸ்டில் ஐயாவின் கடிதம் கொழும்பு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது. மயிலிட்டிச் சனம் முழுவதும் வெளிக்கிட்டுவிட்டது, நாங்கள் இப்போது மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில், கடற்கரை ஆட்களும் எங்களோடுதான், ஒரே வகுப்பறை, ஒரே கிணறு. அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒரே கிணறு என்ற சொல்லை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசியில் ஒரு வரி: "நீ மீன் வெட்டுகிறாய் என்று இங்கே ஒரு பெடியன் சொன்னான். கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்."

கடிதத்தைக் கொண்டு கிழவர் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது? இரவு பத்து மணி, வெளியே பகல் மாதிரி வெளிச்சம். அன்றைக்குத்தான் அவர் 1944 ஐப்பற்றி முதல் தடவையாகச் சொன்னார்.

ஒக்டோபரில் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து உள்ளே வந்தன. ஜெர்மன் படை பின்வாங்கியது. ஒக்டோபர் 28 இல் ஹிட்லரின் உத்தரவு: சனம் முழுவதையும் வெளியேற்று, ஒன்றும் மிஞ்சாமல் எரி. ஏறத்தாழ 50,000 பேரைக் கப்பல்களில் ஏற்றித் தெற்குக்கு அனுப்பினார்கள். 20,000 க்கும் அதிகமானோர் போக மறுத்து ஒளித்தார்கள், குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் கவிழ்த்த வள்ளங்களுக்குக் கீழும். கிர்கெனெஸுக்குப் பக்கத்தில் பியோர்னவாட்ன் சுரங்கத்துக்குள் மட்டும் சுமார் 3,000 பேர், அங்கேயே பத்துப் பிள்ளைகளும் பிறந்தன. பின்மார்க்கிலும் வட துரொம்ஸிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தந்திக் கம்பம், மீன் காய வைக்கும் சட்டம்கூட மிஞ்சவில்லை. ஹொன்னிங்ஸ்வோக்கில் 1885 இல் கட்டிய தேவாலயம் ஒன்றுதான் நின்றது, திரும்பி வந்தவர்கள் முதலில் அதற்குள்தான் குடியிருந்தார்கள். மேஹாம்னில் ஒன்றும் நிற்கவில்லை. கரையோரச் சாமி மக்களின் பழைய வீடுகளும் பொருட்களும் எரிந்து, அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கான தடயமே பல இடங்களில் போய்விட்டது. அதைப்பற்றி நோர்வேக்காரர் பேசுவது குறைவு.

யுத்தம் முடிய இரண்டு நாள் இருக்க, 1945 மே 6 ஆம் திகதி, மேஹாம்னுக்குப் போகிற பாதையில் இருக்கிற ஹொப்ஸைடெ என்ற ஒடுங்கிய நிலத்தில், நீர்மூழ்கிக் கப்பலில் வந்த ஜெர்மானியர்கள் ஆறு பேரைச் சுட்டார்கள். அதில் பெடியன்களும் இருந்தார்கள். இரண்டு நாள்!

கிழவருக்கு அப்போது பத்து வயது. குடும்பத்தைக் கப்பலில் ஏற்றுவதற்கு முந்தின இரவு, தகப்பனார் தையல் மெசினையும் இரண்டு சட்டியையும் எண்ணெய்ச் சீலையில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டு வைத்தாராம். 1945 கோடையில், இன்னும் திரும்பிப் போகக் கூடாது, வீடும் இல்லை சாப்பாடும் இல்லை என்று அரசாங்கம் தடுத்தபோதும், சனம் கிடைத்த வள்ளத்தில் ஏறி வந்துவிட்டது. கிழவர் வீட்டாரும் வந்தார்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பல். ஆனால் தையல் மெசின் இருந்தது. அதன் பிறகு அரசாங்கம் ஒரே மாதிரி மரவீடுகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. இன்று பின்மார்க்கின் எந்த ஊருக்குப் போனாலும் எல்லா வீடும் சகோதரங்கள் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். "அழகில்லைத்தான்" என்றார் கிழவர். "ஆனால் கதவைப் பூட்டிவிட்டு யாராவது போகச் சொன்னால் இனி நான் போகமாட்டேன்."

மெசின் யன்னலுக்குக் கீழே நின்றது. அதற்கு மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். அவர் என்னைக் கேட்டார், "உன் அம்மா என்னத்தைத் தாட்டு வைத்தா?" எனக்குத் தெரியவில்லை.

நான் 1996 இல் ஒஸ்லோவுக்கு வந்தேன். எல்லோரும் வந்தோம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், கடை, மூன்று சகோதரங்கள், ஒரு நல்ல வேலை. காரணங்கள் எல்லாம் சரியானவை. அந்த ஊரை நிரப்பத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். 1990 இலிருந்து வரிச் சலுகையும், படிப்புக் கடனில் வருடத்துக்குப் பத்து வீதம் தள்ளுபடியும் கொடுத்துத் தங்கள் சொந்தப் பிள்ளைகளையே மறிக்கப் பார்த்தார்கள். நாங்கள் போனதால் ஒரு வகுப்புக்குப் பிள்ளைகள் போதாமல் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்குப் பிறகு லிதுவேனியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். சோவியத் விஞ்ஞானிகள் 60 களில் மூர்மன்ஸ்க் பக்கம் கொண்டுவந்து விட்ட இராட்சத நண்டு நடந்து நடந்து நோர்வேக்குள் வந்து, இன்று அந்த ஊர்களின் பெரிய வருமானங்களில் ஒன்று. வெளியிலிருந்து வந்து தங்கிவிட்டது நண்டு மட்டும்தான் என்று ஒரு நண்பன் பகிடி விடுவான்.

நான் புறப்பட்ட அன்று கிழவர் இறங்குதுறைக்கு வந்தார். "நீயுமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு தூஷணமும் சொல்லவில்லை. 2009 இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் முள்ளிவாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. செத்த வீட்டுக்குப் போகவில்லை. ஒரு அட்டைகூட அனுப்பவில்லை.

மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில் விட்டார்கள். இருபத்தேழு வருடம். அடுத்த வருடம் நான் போனேன். எங்கள் காணி திறந்திருந்தது, சில காணிகள் இன்றைக்கும் ஆமியிடம்தான். வீடு இல்லை, அத்திவாரமும் கிளப்பப்பட்டிருந்தது. கிணறு மட்டும் இருந்தது, பாதி தூர்ந்து, சுற்றிவரப் பற்றை. நான் கிணற்றடியில் நின்று ரொறொன்ரோவில் தங்கச்சியோடு இருக்கிற அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். 1990 இல் எதையாவது தாட்டு வைத்தீர்களா, எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒண்டும் தாக்கேல்லையடா. மூண்டு நாளில திரும்பி வந்திடலாம் எண்டுதானே வெளிக்கிட்டனாங்கள். சோத்துப் பானையை அடுப்பில வச்சிட்டுத்தான் வந்தனான்."